தெர்மோஸ்டாட்டை மாற்றும் முன் ஒரு பாத்திரம் கொதிநீர்

சமையலறை அலமாரிக்குள் பதித்து வைத்த மின்சார ஓவன் ஒழுங்காகச் சுடவில்லை என்றால் நம்ம ஊரில் இரண்டே தீர்ப்புதான். ஒன்று, "தெர்மோஸ்டாட் போச்சு". இன்னொன்று, "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க". இரண்டும் சில நேரம் சரியாகவே இருக்கலாம். ஆனால் இரண்டையும், எதையுமே அளக்காமல் சொல்லிவிட முடிகிறது. அதுதான் பிரச்சினை.

மூலக்குளத்தில் எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டிலேயே கேக் சுட்டு விற்கிறார். டிசம்பர்தான் அவருக்கு அறுவடை மாதம். பிளம் கேக், கேட்பவர்களுக்கு ரவையில் செய்கிற நம்ம புதுச்சேரி விவிக்கம் என்று ஆர்டர் வரும். போன வருஷம் சரியாக அந்த நேரத்தில் ஓவன் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கேக் மேலே கருகுது, நடுவில் மாவாகவே இருக்குது. சில சமயம் ஓவன் தானாக அணைந்து, அரை மணி நேரம் கழித்துத் தானாக வருது. பார்க்க வந்த மெக்கானிக் பின்பக்கத்தைத் திறக்காமலேயே புதுசு வாங்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். "தம்பி, நெஜமாவே போயிடுச்சா, இல்ல சும்மா சொல்றாரா, பார்த்துச் சொல்லுப்பா" என்று அக்கா கேட்டார். முன்பணம் வாங்கியாச்சு, அந்தப் பணத்தில் முந்திரியும் வெண்ணெயும் வாங்கியாச்சு. புது ஓவன் வாங்கினால் அந்த மாத லாபம் மொத்தமும் அதற்கே போய்விடும்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை. முதல்லயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது 230 வோல்ட் சமாச்சாரம். மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் விஷயத்தைப் புரிந்துகொள்வதற்காகப் படியுங்கள், வேலையை ஓர் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். புரிந்துகொண்டு வேலை கொடுப்பதற்கும் புரியாமல் கொடுப்பதற்கும் பில்லிலேயே வித்தியாசம் தெரியும்.

உள்ளே இருப்பது என்ன?

நாப் திருகும் வகை ஓவன்களில் பெரும்பாலும் இருப்பது திரவம் நிரப்பிய தெர்மோஸ்டாட். (தொடுதிரை வைத்த மாடல்களில் எலக்ட்ரானிக் சென்சார் இருக்கும், அது வேறு கதை.) இதில் மூன்று பாகங்கள். ஓவன் உள்ளறையில் பென்சிலைவிட மெல்லிசாக ஒரு உலோகக் குழல், அதை பல்ப் என்பார்கள். அதிலிருந்து தலைமுடி மாதிரி துவாரம் கொண்ட நீளமான மெல்லிய குழாய். அந்தக் குழாய் போய்ச் சேரும் இடத்தில், நாப்புக்குப் பின்னால், ஒரு சின்ன உலோகச் சவ்வும் அதை ஒட்டி ஒரு சுவிட்சும்.

பல்புக்குள் எண்ணெய் போன்ற திரவம் இருக்கிறது. சூடு ஏறினால் திரவம் விரியும், சவ்வு உப்பும், சுவிட்சைத் தள்ளித் திறக்கும், ஹீட்டருக்கு மின்சாரம் நிற்கும். ஆறினால் சுருங்கும், சுவிட்ச் மூடும், மறுபடி ஹீட்டர் ஓடும். நாப்பைத் திருகும்போது நாம் செய்வது, சவ்வு எவ்வளவு உப்பினால் சுவிட்ச் திறக்கணும் என்று தூரத்தைக் கூட்டுவது, குறைப்பது. அவ்வளவுதான்.

சூட்டைக் கொண்டே சூட்டை அடக்கும் யோசனை ரொம்பப் பழசு. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னீலியஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர், கோழி முட்டை பொரிக்கும் அடுப்புக்கு ஆல்கஹாலும் பாதரசமும் விரிவதை வைத்துக் காற்று வழியைத் திறந்து மூடும் கருவி செய்தார். தெர்மோஸ்டாட் என்ற பெயரில் ஆண்ட்ரூ யூர் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் 1830-ல் காப்புரிமை வாங்கினார். அது இரண்டு உலோகப் பட்டைகள் சேர்ந்து வளைகிற வகை.

நம்ம புதுச்சேரி விறகடுப்பு பேக்கரிகளுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லையே என்று கேட்கலாம். செங்கல் அடுப்பு மணிக்கணக்காகச் சூட்டைத் தாங்கும், மெதுவாகத்தான் இறங்கும். ரொட்டி போடுகிறவர் கை அனுபவத்தில் நேரம் பார்த்துப் போட்டுவிடுவார். நம் வீட்டு ஓவன் மெல்லிய தகட்டுப் பெட்டி. ஹீட்டர் ஓடினால் சடசடவென்று ஏறும், நின்றால் இறங்கும். யாராவது சில நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு அணைத்துக்கொண்டே இருக்கணும். அந்த வேலைக்காரர்தான் தெர்மோஸ்டாட்.

ஒரு சொட்டு கசிந்தால் என்ன ஆகும்?

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். இந்த வகைத் திரவங்கள் ஒரு டிகிரிக்குச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். பல்பில் 2 மில்லி திரவம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு டிகிரிக்கு 0.002 மில்லி. 10 டிகிரி ஏறினால் 0.02 மில்லி. ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லி. அதாவது 10 டிகிரி ஏறியதைச் சுவிட்சுக்குச் சொல்வது அரைச் சொட்டுக்கும் குறைவான திரவம்!

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். குழாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து ஒரே ஒரு சொட்டு வெளியே போனால் 25 டிகிரி பிசகு. இரண்டு சொட்டுக்கு 50 டிகிரி. பிசகு எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். திரவம் குறைந்தால் சவ்வு உப்பாது, சுவிட்ச் திறக்காது, ஹீட்டர் நிற்காது. நாம் 180 வைத்தால் ஓவன் 230-க்குப் போகும். இன்னும் கசிந்தால் நிற்கவே நிற்காது. ஆபத்தான பக்கமாகத்தான் கெடும்.

அதனால்தான் பில்ட்-இன் ஓவன்களில் இரண்டாவதாக ஒரு காவல் இருக்கும். ஓவனின் பின்பக்கமோ மேல்தட்டிலோ ஒற்றை ரூபாய்க் காசு அளவில் ஒரு வட்டு. உள்ளே இரட்டை உலோகத் தகடு. அளவுக்கு மீறிச் சூடானால் டக்கென்று வளைந்து மின்சாரத்தை வெட்டிவிடும். சில மாடலில் ஆறியதும் தானாகச் சேரும், சிலதில் நாம் பொத்தானை அழுத்தணும். அக்கா சொன்ன "தானா அணைஞ்சு, தானா வருது" என்பது இந்த வட்டின் வேலை மாதிரி இருந்தது. கருகிய மேல்பக்கத்துக்கும் வேகாத நடுவுக்கும் அது ஒன்றே காரணமாக இருக்க முடியும். அதிக சூட்டில் மேலே கருகுது, வட்டு வெட்டியதும் அரை மணி நேரம் சூடே இல்லை, உள்ளே வேகலை.

தெர்மோஸ்டாட் மேல் பழி போடுவதற்கு முன்

தெர்மோஸ்டாட் மூன்று விதமாகக் கெடும். சுவிட்ச் முனைகள் ஒட்டிக்கொண்டோ திரவம் கசிந்தோ ஹீட்டர் நிற்காமல் ஓடுவது ஒன்று. சுவிட்ச் முனைகள் கருகி மின்சாரமே போகாமல் இருப்பது இரண்டு. அளவு நகர்ந்து எப்போதும் ஒரே அளவு கூடவோ குறையவோ காட்டுவது மூன்று. ஒவ்வொன்றுக்கும் அதே அறிகுறியோடு வேறு காரணங்களும் உண்டு. செலவில்லாததை முதலில் பார்ப்போம்.

ஓவன் சூடாகவே இல்லையா? கடிகாரம் வைத்த மாடல் என்றால் முதலில் அதைப் பாருங்கள். கரன்ட் போய் வந்த பிறகு கடிகாரத்தைச் சரிசெய்தோ கையால் இயக்கும் நிலைக்குக் கொண்டுவந்தோ வைத்தால்தான் பல ஓவன்களில் ஹீட்டர் ஓடும். லைட் எரியும், ஃபேன் ஓடும், சூடு மட்டும் வராது. இதற்காகவே சர்வீஸ் சார்ஜ் கட்டியவர்கள் உண்டு.

மெதுவாகச் சூடாகுதா? சாயங்காலம் வோல்டேஜ் பாருங்கள். மின்திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 200 வந்தால் ஹீட்டர் திறன் 76 சதவீதம்தான். 2000 வாட் என்பது 1500 சொச்சம் ஆகிவிடும். ஆனால் குறைந்த வோல்டேஜால் கேக் கருகாது. கருகினால் வேறு காரணம் தேடணும்.

ஒரு பக்கம் மட்டும் வேகுதா? கதவு கேஸ்கட், ஃபேன், அல்லது இரண்டு ஹீட்டரில் ஒன்று அவுட். ஹீட்டரை மல்டிமீட்டரில் அளக்கலாம். 230-ஐ 230-ஆல் பெருக்கி, வாட்டால் வகுத்தால் ஓம் கிடைக்கும். 2000 வாட்டுக்குச் சுமார் 26 ஓம், 1000 வாட்டுக்குச் சுமார் 53. இதை ஒட்டிய எண் வந்தால் ஹீட்டர் சுருள் நல்லாயிருக்கு.

வட்டு அடிக்கடி வெட்டுதா? உள்ளறை உண்மையிலேயே அதிகம் சூடாகுதா, இல்லை அலமாரி புழுங்குதா என்று பிரித்துப் பார்க்கணும். மாடுலர் கிச்சன் போடும்போது ஓவனுக்குப் பின்னால் விட வேண்டிய காற்று இடைவெளியைத் தச்சர் அழகுக்காக மூடிவிடுவது உண்டு. கூலிங் ஃபேன் நின்றாலும் இதே கதைதான். அப்போது தெர்மோஸ்டாட் மேல் தப்பே இருக்காது.

அளந்து பார்ப்பது

ஓவனுக்குள் வைக்கும் டயல் தெர்மாமீட்டரோ, வெப்ப ஒயர் செருகும் மல்டிமீட்டரோ போதும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு மீட்டர் வேண்டாம், பளபளப்பான தகட்டில் அது தப்பாகக் காட்டும். காலி ஓவனில் நடுத்தட்டில் வையுங்கள். 180-ல் வைத்து, சிவப்பு விளக்கு எப்போது அணையுது, எப்போது எரியுது என்று மூன்று சுற்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல ஓவனிலும் பத்துப் பதினைந்து டிகிரி மேலும் கீழும் ஊசலாடும், அது குறை இல்லை. சராசரி எங்கே நிற்குது என்பதுதான் கேள்வி.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்குச் சர்க்கரை உதவும். வெள்ளைச் சர்க்கரை 186 டிகிரியை ஒட்டி உருகும். 175-ல் கால் மணி நேரம் வைத்த ஒரு ஸ்பூன் சர்க்கரை உருகக்கூடாது, 190-ல் உருகணும். இது தோராயம்தான், ஆனால் 40 டிகிரி தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அக்கா வீட்டில் 180 வைத்ததும் முள் 180-ஐத் தாண்டியது, 200-ஐத் தாண்டியது, விளக்கு அணையவே இல்லை. 250-ல் நானே மெயினை அணைத்துவிட்டேன். அலமாரிப் பக்கம் தொட்டால் சாதாரணச் சூடுதான், கூலிங் ஃபேனும் ஓடியது. ஆக, உள்ளறைதான் மிஞ்சிப் போகுது. இப்போதுதான் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்க ஒரு நியாயம் கிடைத்தது.

கழற்றுவது

சுவர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பழைய வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், சுவிட்ச் அணைத்த பிறகும் ஓவனுக்குள் ஃபேஸ் இருக்கும். எம்சிபியை இறக்கி, பிளக்கையும் உருவி, மல்டிமீட்டரால் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த் இரண்டையும் பார்த்த பிறகே கை வைக்கணும்.

கதவைத் திறந்தால் இரு ஓரத்துச் சட்டத்தில் ஓவனை அலமாரியோடு பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் தெரியும். ஓவன் 30, 40 கிலோ இருக்கும், இரண்டு பேர் வேண்டும். கதவைக் கழற்றினால் கனம் குறையும். ஆனால் கீல்களில் இருக்கும் கொக்கியை இரண்டு பக்கமும் பூட்டிவிட்டுத்தான் தூக்கணும். இல்லையென்றால் ஸ்பிரிங் விரலை நசுக்கிவிடும். ஓவனைப் பாதி இழுத்து, பின்தகட்டையும் மேல்தகட்டையும் கழற்றினால் எல்லாம் தெரியும். ஒயரைத் தொடுவதற்கு முன் நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் சின்னதாக டேப் ஒட்டி எண் எழுதுங்கள்.

லக்குகளை நல்லாப் பாருங்கள். கடலுக்குச் சில கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர் நம்முடையது, உப்புக்காற்று முனைகளை அரிக்கும். 2000 வாட் ஹீட்டர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். ஒரு தளர்ந்த லக்கில் அரை ஓம் தடை இருந்தால்கூட அந்த ஒரே புள்ளியில் 38 வாட் சூடு உண்டாகும். சின்ன சால்டரிங் அயர்ன் அளவு! ஒயர் கறுத்திருந்தால் கோளாறு லக்கில்கூட இருக்கலாம். புது தெர்மோஸ்டாட்டைப் பழைய கறுத்த லக்கில் மாட்டினால் அதுவும் சீக்கிரம் போகும்.

கொதிநீர் சோதனை

கழற்றிய தெர்மோஸ்டாட்டை மேஜையில் வைத்து, அதன் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரின் பீப் நிலையை மாட்டுங்கள். நாப் ஆஃபில் பீப் வரக்கூடாது. திருகியதும் வரணும், ஏனென்றால் அறைச் சூடு நாம் வைக்கிற அளவைவிடக் குறைவு. இரண்டாவது விதக் கோளாறு, அதாவது கருகிய முனை, இங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். புதுச்சேரி கடல்மட்டத்தில் இருப்பதால் நமக்கு ஒரு சௌகரியம். கொதிக்கிற தண்ணீர் இங்கே 100 டிகிரிதான். ஊட்டியில் அப்படி இல்லை, அங்கே சில டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். நமக்கு இது காசில்லாத அளவுகோல். பல்ப் முழுவதையும் கொதிநீரில் மூழ்க வைத்து, சுவிட்ச் பக்கம் நனையாமல் தள்ளிப் பிடித்து, நாப்பை 60-ல் வையுங்கள். நல்ல தெர்மோஸ்டாட் க்ளிக் என்று திறக்கணும், பீப் நிற்கணும். பிறகு மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் 100-ஐ ஒட்டிய இடத்தில் மறுபடி க்ளிக்கென்று மூடணும். சில டிகிரி முன்பின் இருந்தால் பரவாயில்லை.

அக்காவுடையது கொதிநீரில் 60-ல் வைத்தும் பீப் நிற்கவே இல்லை. குழாய் வளைகிற இடத்தில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு வேறு. தீர்ப்பு வந்துவிட்டது. போனது தெர்மோஸ்டாட் மட்டும்தான், ஓவன் இல்லை.

சிலவற்றில் நாப் தண்டின் நடுவே பெயின்ட் வைத்து மூடிய ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். அதைத் திருகி அளவை இழுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கசிந்த தெர்மோஸ்டாட்டில் அதைச் செய்யாதீர்கள். இன்றைக்குச் சரியாகும், அடுத்த சொட்டு போனதும் மறுபடி மிஞ்சும்.

புதுசு வாங்கும்போது

பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். உடம்பில் அச்சிட்ட எண் கிடைத்தால் வேலை சுலபம். கிடைக்காவிட்டால் இவை ஒத்துப்போகணும்: வெப்ப வரம்பு, குழாயின் நீளம், பல்பின் நீளமும் பருமனும், நாப் தண்டின் வடிவமும் அதன் தட்டைப்பக்கம் எந்தத் திசை என்பதும், முனைகளின் எண்ணிக்கை, ஆம்பியர். பெரும்பாலும் 250 வோல்ட், 16 ஆம்பியர் என்று இருக்கும், அதற்குக் குறைந்தது வேண்டாம். தட்டைப்பக்கம் மாறினால் நாப்பில் 180 என்று காட்டும் இடத்தில் உண்மையில் வேறு எண் இருக்கும். குழாய் நீளமாக இருந்தால் சுருட்டி வைக்கலாம், வெட்டவே கூடாது. வெட்டினால் திரவம் போச்சு, கருவியும் போச்சு. வாங்கி வந்ததும் அதையும் ஒருமுறை கொதிநீரில் பாருங்கள். ஓவனை மூடிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

பொருத்துவது

பல்பைப் பின்பக்கத் துளை வழியாக உள்ளே விட்டு, பழையது இருந்த அதே கிளிப்பில் மாட்டணும். கிளிப்பிலிருந்து விழுந்து தகட்டில் சாய்ந்தால் அளவு தப்பும். மெல்லிய குழாயை மடக்கக் கூடாது, விரலைச் சுற்றி வளைப்பது மாதிரி பெரிய வளைவாகத்தான் கொண்டுபோகணும். குழாய் உலோகம் என்பதை மறந்துவிடாதீர்கள். முனைகளுக்குப் பக்கத்தில் போகும் இடத்தில் அதன் மேல் இன்சுலேஷன் உறை இருக்கணும், எந்த லக்கையும் தொடக்கூடாது.

கறுத்த லக்குகளை வெட்டிவிட்டுப் புதுசு கிரிம்ப் பண்ணுங்கள். ஒயர் மாற்ற வேண்டியிருந்தால் வீட்டு வயரிங்குக்கான சாதாரண பிவிசி ஒயர் வேண்டாம். அது 70 டிகிரி வரைதான் தாங்கும். சிலிகான் அல்லது கண்ணாடி இழை உறை போட்ட ஒயர்தான் ஓவனுக்குள் நிற்கும். மூடும் முன் பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து ஓவன் உடம்புக்குத் தொடர்ச்சி இருக்கா என்று பீப் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

பொருத்திய பிறகு

முதலில் காலியாக ஓட்டி, முன்போல மூன்று சுற்று அளங்கள். அக்கா ஓவன் 180-ல் வைத்தபோது 172-க்கும் 190-க்கும் நடுவே ஊசலாடியது. விளக்கு ஒழுங்காக அணைந்து எரிந்தது. டிசம்பர் ஆர்டர் அதே ஓவனில்தான் போனது.

மழைக்காலத்தில் ஒரு விஷயம் குழப்பலாம். ஹீட்டர் குழாய்க்குள் இன்சுலேஷனாக மெக்னீசியம் ஆக்சைடு தூள் இருக்கும், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாதக்கணக்காகச் சும்மா இருந்த ஓவனைப் போட்டால் ஆர்சிசிபி விழலாம். அதற்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஹீட்டரின் இன்சுலேஷனை அளக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியைத் தாண்டி நேரடியாக ஒயர் கொடுத்து "காய வைக்கலாம்" என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் வசதி என்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள். மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். 180 வைத்தபோது உள்ளே எத்தனை டிகிரி இருந்தது? ஹீட்டர் எத்தனை ஓம் காட்டியது? தெர்மோஸ்டாட்டைச் சூட்டில் வைத்துப் பார்த்தீர்களா, திறந்ததா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அவர் சொல்வதைக் கேட்கலாம், புதுசு வாங்கச் சொன்னாலும் சரி. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், பணத்தை எடுப்பதற்கு முன் அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீரை வையுங்கள்.